காலை வணக்கத்துக்கு ஒரு தனிப்பெட்டி

பதினான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியையாக இருந்ததில் எனக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எது கலைந்து கிடந்தாலும் அதைப் பிரித்து, பெட்டியில் போட்டு, பெட்டிக்குப் பெயர் எழுதி ஒட்டினால்தான் மனசு ஆறும். எங்கள் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பாவில்கூட மிளகாய்த்தூள் என்று எழுதியிருக்கும். "நல்லவேள எழுதி வச்சே, இல்லாட்டி சிவப்பு கலர் சர்க்கரைன்னு நெனச்சு காப்பியில போட்டிருப்பேன்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு எதையும் கண்ணால் பார்த்தால் போதும்.

வலங்கைமானுக்கும் குடவாசலுக்கும் நடுவே, வாய்க்கால் ஓரமாக எங்கள் நாற்றுப் பண்ணை இருக்கிறது. நடவு இயந்திரத்துக்கு ஏற்றபடி தட்டுகளில் நெல் விதைத்து, வேர் பின்னிப் பாய்போல ஆனதும் விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். பதினைந்து நாளிலிருந்து பதினெட்டு நாள் வரை அந்த நாற்றுக்கு வயது. அதற்கு முன்னால் எடுத்தால் பாய் கிழியும், அதற்குப் பின்னால் போனால் முற்றிவிடும். இன்னொரு பக்கம் வயலும் காத்திருக்காது. சேறடித்துச் சமப்படுத்திய வயலில் ஒரு நாள் சேறு படிய வேண்டும், அதற்கடுத்து நட்டுவிட வேண்டும். நாற்றும் வயலும் ஒரே நேரத்தில் தயாராவதில்தான் இந்தத் தொழிலின் மொத்தக் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது.

பள்ளி வேலையை விட்டுவிட்டு நான் பண்ணைக்கு வந்தபோது விளம்பரம் என் பொறுப்பானது. முகநூலில் ஒரு பக்கம், குட்டி வீடியோக்களுக்கு ஒரு பக்கம், பெரிய வீடியோக்களுக்கு ஒரு சேனல், பண்ணைக்கென்று ஒரு வாட்ஸ்அப் எண் என்று நாலு கடை விரித்தேன். வீட்டுக்காரரின் பழைய எண் இது எதிலும் சேராமல் அவர் சட்டைப்பையில் இருந்தது. விரித்ததோடு சரி, நாலு கடையிலும் ஒரே நேரத்தில் உட்கார முடியவில்லை. போன குறுவைப் பருவத்தில் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியோடு வந்து நின்றார். நாற்று கேட்டு ஒன்பது நாளைக்கு முன்பே முகநூலில் எழுதிவிட்டாராம். நான் பார்க்கவே இல்லை. மனிதர் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிப் போனார். திட்டியிருந்தால்கூட நான் தேறியிருப்பேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். எல்லாப் பக்கங்களுக்கும் வருகிற செய்திகளை ஒரே இடத்தில் காட்டுகிற, ஒரு முறை எழுதினால் எல்லாவற்றிலும் போடுகிற ஒரு மென்பொருள் வாங்கியே தீருவது என்று. இப்படிப்பட்டவை ஊருக்கு ஒன்றாக இருக்கின்றன என்பது தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. எல்லாமே முதல் சில நாட்களுக்கு இலவசம். பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு சார்ட் பேப்பரை எடுத்து, கட்டம் போட்டு, டிக் அடிக்கத் தயாராக உட்கார்ந்தேன்.

முதலாவது வெளிநாட்டுச் சரக்கு. எந்த நேரத்தில் பதிவு போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று அதுவே ஆராய்ந்து சொல்லும் என்றார்கள். ஆராய்ந்து பிற்பகல் இரண்டே கால் என்று சொன்னது. எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்குக் காக்கைகூடக் கண்ணயர்ந்திருக்கும். எங்கள் வாடிக்கையாளர்கள் விடிகாலை நாலரைக்கு எழுந்து, டீக்கடை பெஞ்சில் போனைப் பார்த்துவிட்டு வயலில் இறங்கிவிடுகிறவர்கள். இரண்டாவதற்குத் தமிழ் ஒத்துக்கொள்ளவில்லை. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனித்தனியே நின்றன. முறையிட்டு எழுதினேன். உங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மதித்ததோடு சரி.

மூன்றாவதுதான் என் மனதுக்கு ஒத்துப்போனது. தமிழ் நன்றாக வந்தது, நேரத்தை நானே வைத்துக்கொள்ளலாம், எல்லாச் செய்தியும் ஒரே சன்னலில் வரிசையாக வந்து நிற்கும். அதைவிட, வருகிற செய்திகளை நாம் சொல்கிற விதிப்படி பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போடும். பெட்டி என்று கேட்டதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. சார்ட்டில் அத்தனை கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படமெல்லாம் நல்லா தெரியுமா?"

"எல்லாம் தெரியும்" என்றேன். டிவி வாங்குகிற மாதிரி கேட்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

அவருடைய பழைய எண்ணையும் அதில் சேர்த்தேன். சேர்த்த பிறகு அந்த எண்ணின் வாட்ஸ்அப் அவர் போனில் திறக்காது, எல்லாம் என் மடிக்கணினிக்கு வந்துவிடும். கை ஒடிந்தவர்போல இரண்டு நாள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

எண்ணைச் சேர்த்த மறுநாள் காலையில் சன்னலைத் திறந்தால், எழுபத்து மூன்று படங்கள். ரோஜாப்பூவில் இனிய காலை வணக்கம். ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையில் இனிய காலை வணக்கம். மயில்மேல் முருகன், கிளையில் கிளி, கண்ணைச் சிமிட்டும் குழந்தை, எல்லோருக்கும் கீழே பளபளக்கும் எழுத்தில் அதே இரண்டு வார்த்தை. வீட்டுக்காரருக்கு டெல்டா முழுக்க சிநேகிதர்கள். அத்தனை பேரும் ஆளுக்கொரு பூவை அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குகிறார்கள் போலிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தப் பூந்தோட்டத்துக்குள் நான் நாற்று கேட்கிறவர்களை எங்கே போய்த் தேடுவது?

விதி ஒன்று போட்டேன். தட்டச்சு செய்த எழுத்து எதுவும் இல்லாமல் படம் மட்டும் வந்தால், கண்ணில் காட்டாமல் தனிப்பெட்டிக்கு அனுப்பிவிடு. பெட்டிக்குக் காலை வணக்கம் என்று பெயரும் வைத்தேன். அதோடு, செய்தி அனுப்புகிற எல்லோருக்கும் தானாகவே ஒரு பதில் போகும்படியும் செய்தேன். அதற்கு மென்பொருள்காரர்களே கொடுத்திருந்த வாசகம் அரசாங்கக் கடிதம்போல விறைப்பாக இருந்தது. நம்மூர் ஆட்களுக்கு நம்மூர்ப் பேச்சுதான் என்று நானே ஒன்று எழுதினேன். 'வணக்கம். உங்க செய்தி வந்துடுச்சு. நாங்க பாத்துக்குறோம், கவலைப்படாதீங்க.' படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு நாலு நாள் நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. சன்னல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நடுவில் வீட்டுக்காரருக்கு ஒன்றிரண்டு அழைப்புகள் வந்தன. "படம் அனுப்பினேனே, பாக்கலியா?" என்று கேட்டார்கள். அவர் "டவர் இல்ல போலருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்றை ஏற்றி அனுப்பினார். பக்கத்து அறையில் நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலையில், மொபெட்டில் ஒரு பெண்மணி வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. என் வயதுதான் இருக்கும். பல வருஷமாக அவர்தான் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க நடவு நட்டுக் கொடுப்பார். எங்கள் வயலிலும் நட்டிருக்கிறார். மகள் நர்ஸ் வேலைக்குப் போய் நாலு வருஷமான பிறகு, தாயும் மகளுமாகச் சேர்ந்து ஐந்து மா நிலம் வாங்கினார்கள். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. இந்தக் குறுவைதான் அவருடைய சொந்த நிலத்தில் முதல் போகம். "ஊருக்கெல்லாம் ஆளு சேத்தேன் டீச்சர், எனக்கு நட ஆளு கெடைக்கல. எல்லாம் தையல் கம்பெனிக்குப் போயிட்டாளுக" என்று சிரித்துக்கொண்டே நூற்று நாற்பது தட்டு நாற்றுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

அன்றைக்குச் சிரிப்பு இல்லை. முழங்கால்வரை சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னிக்கு டீச்சர் நாத்து வரும்? மண்ணு இறுகிகிட்டே வருது."

"நீங்க இன்னும் வயல் ரெடின்னு சொல்லலியே" என்றேன்.

"செவ்வாக்கெழமையே அனுப்பிட்டேனே. நீங்களும் பாத்துக்குறோம்னு பதில் போட்டீங்களே."

போனை நீட்டினார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். சேறடித்துச் சமப்படுத்திய வயல். வரப்பு வெட்டிப் பூசியிருந்தது, தண்ணீரில் மேகம் தெரிந்தது. ஒரு வார்த்தை இல்லை. அதன் கீழே என் வாசகம். நாங்க பாத்துக்குறோம், கவலைப்படாதீங்க.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "வயல் படம் அனுப்பியிருக்காங்களே" என்றார் என்னைப் பார்த்து. அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. எங்கள் விவசாயிகள் நாற்று அனுப்புங்கள் என்று எழுதுவதில்லை. வயல் தயாரானதும் அதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிடுவார்கள். படம் வந்தால் நாற்று போகும். எப்போது யார் தொடங்கிவைத்த வழக்கமோ, அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அதனால் அவர் சொல்லவில்லை. என் பக்கங்களில் எழுதிக் கேட்டவர்களையே பார்த்துப் பழகிய நான் அவரிடம் கேட்கவில்லை. சேற்று வயலும் ரோஜாப்பூவும் என் விதிக்கு ஒன்றுதான். இரண்டோடும் தட்டச்சு செய்த எழுத்து இல்லை.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றேன். சொன்னபோதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"பழைய ஆளுங்கன்னா பண்ணியிருப்பாங்க டீச்சர். நான் புதுசு. பாத்துக்குறோம்னு சொன்னவங்கள திருப்பித் திருப்பிக் கேட்டா, நம்பலன்னு ஆயிடும்ல?"

அவருடைய நாற்று பண்ணையில் இல்லை. அவரிடமிருந்து தகவல் வரவில்லை, பதினெட்டு நாளும் முடிகிறது என்று, முந்தின நாள் காலையிலேயே குடவாசல் பக்கத்து வயல் ஒன்றுக்கு ஏற்றி அனுப்பி, அது நட்டும் முடிந்துவிட்டது. மற்ற தட்டுகளில் இருந்தது எட்டு நாள் பிள்ளை. வாய்க்காலில் முறை வைத்து விடுகிற தண்ணீர் இன்னும் இரண்டு நாளைக்குத்தான். இதை விட்டால் மறுபடி உழுது, மறுபடி தண்ணீருக்குக் காத்திருந்து, பிந்தி நட்டு, ஐப்பசி மழையில் கதிர் சாய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். குறுவை நட்டவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கும் விளக்கவில்லை.

"மத்தவங்க வயல்ல குனிஞ்சு நட்டது எத்தன நூறு மாவோ" என்றார், யாரையும் பார்க்காமல். "இந்த வருஷம் தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியிலதான் பட்டா எங்க பேருக்கு வந்துது."

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். மென்பொருளைத் திட்டினேன். அதை விற்றவனைத் திட்டினேன். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன். அவர் அமைதியாக, "படம் தெரியுமான்னு கேட்டேனே" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியைப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"உக்காருங்கம்மா. நாளைக்கு உங்க வயல்ல நடவு நடக்கும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. மறுபடியும் ஒரு பாத்துக்குறோம்தான். ஆனால் இந்தத் தடவை சொன்னது நான்.

மடிக்கணினியை எடுத்துவைத்து எழுதினேன். நூற்று நாற்பது தட்டு நாற்று உடனே வேண்டும், உபரி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள் என்று. அனுப்பப் போனவளை வீட்டுக்காரர் தடுத்தார். "வயசு போடு. குறுவை ரகம்னு போடு. எந்த ஊருக்குன்னு போடு. இல்லாட்டி ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்." போட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினேன். முகநூல், இரண்டு வீடியோப் பக்கங்கள், பண்ணை எண், அவருடைய எண்ணில் இருந்த அத்தனை விவசாயிகள் என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது. அதற்குத்தானே அந்தச் சனியனை வாங்கினேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு பதில் இல்லை. முக்கால் மணி. சன்னல் துடைத்துவிட்ட மாதிரியே இருந்தது. நான் கொடுத்த காப்பியை அந்த அம்மா குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். ஆறு வருஷமாக இந்த விவசாயிகளுக்கு நாற்று கொடுக்கிறோமே, ஒருத்தருக்காவது இரக்கம் இல்லையா என்று நான் ஊரையே கரித்துக் கொட்டத் தொடங்கினேன்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாதான் கேட்டார். "ஏன் டீச்சர், என் படத்தப் போட்ட எடத்துல போட்டிருக்குமோ?"

விதியை நான் எடுக்கவே இல்லை!

காலை வணக்கம் பெட்டியைத் திறந்தேன். மேலேயே, ரோஜாப்பூக்களுக்கு முன்னால், பச்சைப் பச்சையாகப் பதினொரு படங்கள். தட்டில் நாற்று, வரப்பில் அடுக்கிய நாற்று, பாதி சுருட்டிய பாய். ஒருவர் நாற்றின் பக்கத்தில் கையை வைத்து நாலு விரற்கடை உயரம் என்று காட்டியிருந்தார். இன்னொருவர் பாயை ஒரு முனையில் தூக்கிப் பிடித்து, கிழியாமல் தொங்குவதைக் காட்டியிருந்தார். ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது. அத்தனை பேருக்கும் என் பதில் போயிருந்தது. நாங்க பாத்துக்குறோம், கவலைப்படாதீங்க.

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது முத்திப்போச்சு. இது தண்ணி அதிகம் பட்டது. இது பரவால்ல." கடைசியில் வலங்கைமானுக்குக் கிழக்கே ஒருவரிடம் எண்பது, அவருக்கு இரண்டு ஊர் தள்ளி இன்னொருவரிடம் அறுபது என்று தேர்ந்தெடுத்தார். இரண்டும் பதினாறு நாள். நாற்று வைத்திருந்தவர்களிடம் அவர் போனில் பேசியது மொத்தமே நாலு வார்த்தை இருக்கும்.

குட்டியானை வண்டியில் நாற்று அன்று மாலையே வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் வயலில் இறங்கியபோது நானும் போயிருந்தேன். சேறு கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. தண்ணீரைச் சற்றுத் தூக்கிவைத்து, ஓட்டுநர் மெதுவாக ஓட்டினார். மூலைகளில் இயந்திரம் திரும்ப முடியாத இடத்தில் அந்த அம்மாவே இறங்கி நட்டார். அவர் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்து ஓட்டுநர், "நீங்களே நட்டிருக்கலாம்போல" என்றார். "ஐயே, போதும்ப்பா" என்றார் அந்த அம்மா, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து.

மென்பொருளை நான் விட்டுவிடவில்லை. பலரும் கேட்கிறார்கள், சின்னத் தொழிலுக்கு எது வாங்கலாம் என்று. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சார்ட் பேப்பரில் கட்டம் போடுவதற்கு முன்னால், உங்களிடம் வாங்குகிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று வீட்டில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

அந்த விதியையும் தானியங்கிப் பதிலையும் அன்றே அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் காலை ஐந்தரைக்கு நானும் அவரும் காப்பியோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். ரோஜா, முருகன், கிளி, வயல், ரோஜா, வயல். நான் தள்ளிக்கொண்டே போவேன், வயல் வந்தால் அவர் நிறுத்தச் சொல்வார். சேறு தெளியவில்லை, நாளைக்கு அனுப்பலாம் என்பார். நான் குறித்துக்கொண்டு, அந்த ஆளுக்கு என் கையாலேயே பதில் எழுதுவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் தினமும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்வது இப்போதுதான். சந்தோஷமாக இருக்கிறது. அவரிடம் சொன்னதில்லை.

நட்டு இருபது நாள் இருக்கும். ஒரு காலையில் அந்த அம்மாவிடமிருந்து ஒரு படம். பெட்டி இருந்திருந்தால் நேராக உள்ளே போயிருக்கும். அவருடைய ஐந்து மா. பயிர் தூர்கட்டி வரப்புக்கு வரப்பு பச்சையாக நின்றது, மூலையில் அவர் கையால் நட்டது உட்பட. பின்னால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மகள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், வயலின் குறுக்கே ரோஸ் நிறத்தில், பளபளவென்று, கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். இனிய காலை வணக்கம்.

என் போனுக்கு அதை மாற்றி, எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். பழைய பள்ளித் தலைமையாசிரியரையும் விடவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தார். எழுபத்து மூன்று வந்ததும், "போதும்டி" என்றார்.